முக்கால் துண்டு எங்கே?

குதிரையின் கொலாஜனேஸ் நொதியை வைத்து என் ஆய்வுக்குழு வெளியிட்ட முடிவுகள் தவறானவை. தவறு என்னுடையது. என்னோடு உழைத்த எவருக்கும் அதில் பங்கில்லை. என்மேல் தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு முழு விவரமும் வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

பந்தயக் குதிரையின் முன்னங்காலில், பின்பக்கமாக ஒரு தசைநாண் ஓடுகிறது. முழு வேகத்தில் அது தாங்கும் இழுவை, அதன் வலிமையின் எல்லையை நெருங்கிவிடும். கிழிந்தால் குணமாக மாதக்கணக்கில் ஆகும். மறுபடி கிழிவதும் உண்டு. அந்த நாணின் பெரும்பகுதி கொலாஜன். மூன்று புரி முறுக்கிய கயிறு போன்ற புரதம். பெரும்பாலான நொதிகளால் அதை அசைக்க முடியாது. கொலாஜனேஸ் வெட்டும், அதுவும் குறிப்பிட்ட ஓர் இடத்தில். முக்கால் பங்கு ஒரு துண்டு, கால் பங்கு ஒரு துண்டு. 1962இல் ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாப்பியரும் தலைப்பிரட்டையின் வாலில் இந்த நொதியைக் கண்டார்கள். முக்காலும் காலும் தெரிந்தால்தான் கொலாஜனேஸ் வேலை செய்தது என்று பொருள். இதை வகுப்பில் நடத்தியவள் நான்.

அந்த வெட்டைத் தடுக்கும் மருந்தைத் தேடினோம். குதிரையின் மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவில் செலுத்தித் தயாரித்த நொதியை விலைக்கு வாங்கினோம். புரதத்தின் எந்தப் பகுதி குப்பியில் இருக்கிறது என்பது அதனுடன் வந்த தாளில் அச்சாகியிருந்தது. நான் விலையையும் அளவையும் மட்டும் பார்த்தேன். இருந்தது வினையூக்கும் பகுதி மட்டும். ஹீமோபெக்ஸின் என்னும் பகுதி இல்லை. அது இல்லாத கொலாஜனேஸ் ஜெலட்டினை வெட்டும். முறுக்குக் குலையாத கொலாஜனை வெட்டாது.

அடுத்தது இதைவிட மோசம். நொதி கொலாஜனை வெட்டுகிறதா என்று பார்க்கும் சோதனையை 25 டிகிரி செல்சியஸில் வைப்பது வழக்கம். கரைசலில் உள்ள கொலாஜன், உடல் வெப்பத்தை ஒட்டியே முறுக்கு அவிழத் தொடங்கும். அவிழ்ந்தால் அது ஜெலட்டின்தான். எனக்குப் பொறுமை இல்லை. 37 டிகிரிக்கு ஏற்றச் சொன்னேன். கொலாஜன் அவிழ்ந்தது, நொதி வெட்டியது, நான் மகிழ்ந்தேன். ஈடிடிஏ சேர்த்ததும் வெட்டு நின்றது. அதையும் சான்றாகக் காட்டினேன். நொதிக்கு வேண்டிய உலோக அயனிகளை ஈடிடிஏ பிடித்துக்கொள்ளும். வெட்டுப்படுவது கொலாஜனா ஜெலட்டினா என்று அது சொல்லாது.

வெட்டுப்பட்ட துண்டுகளை அளவுவாரியாகப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல் படத்தை ஆய்வு மாணவி என் மேசையில் வைத்தாள். பட்டைகள் இல்லை, கீழ்நோக்கி ஒரு மங்கல் மட்டும்.

"மேடம், முக்கால் துண்டு எங்கே? நொதிக்குப் பதிலா ட்ரிப்ஸின் போட்டு ஒரு குழாய் வைக்கட்டுமா?"

முறுக்கோடு இருக்கும் கொலாஜனை ட்ரிப்ஸின் என்ற நொதி வெட்டாது, அவிழ்ந்ததை வெட்டும். மறுநாளே உண்மை தெரிந்திருக்கும்.

"வேண்டாம்மா. நொதி நல்லாத்தான் இருக்கு. நீ எழுத ஆரம்பி" என்றேன்.

அவள் கேட்டது எனக்குப் புரியாமல் இல்லை. கேட்ட உடனே புரிந்தது. ஆனால் நொதி வேலை செய்கிறது என்று ஒரு கருத்தரங்கில் ஏற்கெனவே பேசியிருந்தேன். நிதி நீட்டிப்புக்கு விண்ணப்பமும் போயிருந்தது. பயந்தேன். என் கண்ணில் படாதது மாணவியின் கண்ணில் பட்டதே என்ற அகந்தையும் இருந்தது.

அவளுடைய வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அதே கேள்வியைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். "நான் அப்பவே கேட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறக்கவில்லை. அவளுடைய கவனக்குறைவு என்று குறிப்பெழுதினார்கள். அவள் ஆய்வுத் துறையை விட்டே போய்விட்டாள்.

எங்கள் முறையை நம்பி வேறோர் ஆய்வுக்கூடத்தில் அதே நொதியைத் தசைநாண் சீவல்களில் இட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அங்கிருந்த இளம் ஆய்வாளர் தன்மேல்தான் பிழை என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்திருக்கிறார். காலுடைந்து, கருணைக்கொலை செய்யப்பட்ட குதிரைகளின் நாண்கள் அவை. வளர்த்தவர்கள் அந்தத் துக்கத்திலும் கையெழுத்திட்டுக் கொடுத்தவை. அவை வீணாயின.

அதற்குப் பிறகுதான் ட்ரிப்ஸின் குழாயை வைத்தேன். கொலாஜன் சிதறிக் கிடந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். குறிப்பைத் திருத்தச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருக்கிறேன். மாணவிக்கும் எழுதினேன், பதில் இல்லை. பதில் சொல்லும் கடமை அவளுக்கு இல்லை.

எங்கள் முடிவுகளைப் பார்த்து மருந்துகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் தயவுசெய்து அவற்றை ஒதுக்கிவிடுங்கள். முழுமையான கொலாஜனேஸின் மேல் அவற்றை நாங்கள் சோதிக்கவே இல்லை.