உடலுக்கும் ஒரு ரியாளா

அரபு மொழியில் உடற்பயிற்சிக்கு ‘ரியாளா’ என்று பெயர். ரா, வாவு, ளாது என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து கிளைத்த சொல் இது. மதீனத்து ‘ரவ்ளா’வும், சவூதித் தலைநகரின் பெயரும் இதே வேரில் முளைத்தவையே, அவை தோட்டத்தைக் குறிப்பன. ‘ரியாளா’வோ முரட்டுக் குதிரைக்குட்டியைச் சவாரிக்குப் பழக்குவதைக் குறிக்கும் சொல். பின்னாளில் சூஃபியாக்கள் இதனை நஃப்ஸைப் பழக்கும் தவத்திற்கு ஆக்கிக்கொண்டனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா’ நாற்பது நூல்களால் ஆனது. அவற்றுள் இருபத்திரண்டாவது நூலின் தலைப்பிலேயே இச்சொல் நிற்கிறது. அதற்கடுத்த நூல் வயிற்றின் வேட்கை முதலியவற்றை முறிப்பது பற்றியது என்பதையும் கவனிக்க வேண்டும். இன்றைய அரபு நாளேடுகளிலோ பந்தாட்டச் செய்திகள் வரும் பக்கத்திற்கும் இதுவே தலைப்பு. குதிரைக்குட்டி, நஃப்ஸ், பந்து என்று ஒரு சொல் எத்தனை வாசல்களில் நுழைந்து வந்திருக்கிறது!

ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் மறைந்த இப்னு சீனா, தம் ‘அல்கானூன்’ என்னும் மருத்துவப் பெருநூலில் ரியாளாவுக்கு இலக்கணம் வகுக்கையில் இரண்டு நிபந்தனைகளை வைக்கிறார். ஒன்று, அது மனிதன் தன் விருப்பத்தால் செய்யும் அசைவாக இருத்தல் வேண்டும். மற்றொன்று, பெருமூச்சை அடுத்தடுத்து வாங்கச் செய்வதாக இருத்தல் வேண்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது என்று இக்கால மருத்துவர்கள் சொல்லும் அளவுகோலும் ஏறக்குறைய இதுவே. இரண்டாவது நிபந்தனையை நிறைவேற்ற இரு கால்கள் போதும். முதலாவதற்கு ‘இராதத்’ வேண்டும். நம் மக்களிற் பெரும்பாலோர் தடுக்கி நிற்பது அவ்விடத்தில்தான். “எல்லாம் தெரியுது ஹஸ்ரத், மனசுதான் வரமாட்டேங்குது” என்று எம்மிடம் சொல்லாதவர் எங்கள் ஊரில் மிகச் சிலரே.

எமக்கு வயது ஐம்பத்தைந்து. முப்பது ஆண்டுகளாகப் பாயில் சம்மணமிட்டு அமர்ந்து கிதாபு ஓதிக் கொடுப்பதே எமது தொழில். காலையில் அமர்ந்தால் ளுஹர் வரை அமர்வு; அஸருக்குப்பின் சிறுவர்களின் மக்தபிலும் அமர்வு. மூன்றாண்டுகளுக்கு முன் எம் எடை 91 கிலோ. உயரமோ ஐந்தடி ஆறங்குலம்தான். ஆசிய இனத்தவர்க்கு, அதிலும் இந்தியருக்கு, எடை கூடுவதால் வரும் தீங்கு ஐரோப்பியருக்கு வருவதைவிட முன்னதாகவே வந்துவிடுகிறது. ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கு மேலும், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேலும் போகக் கூடாது என்று நம் நாட்டு மருத்துவர்கள் வரையறுத்திருக்கின்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த பேராய்வொன்றின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளியாயிற்று. நீரிழிவு உள்ளோர் நாட்டில் பத்துக் கோடிக்கும் மேல் என்றும், அதன் வாசற்படியில் நிற்போர் பதின்மூன்று கோடிக்கும் மேல் என்றும் அது கணக்கிட்டது. அந்த வாசற்படியில் எம் செருப்பும் கிடந்தது.

மருத்துவர் எச்சரித்தார். அச்சம் பிறந்தது. ஆனால் அச்சத்தைப்போல் விரைவில் பழகிப்போகும் பொருள் வேறில்லை. மாரடைப்புக்கு அஞ்சி ஒரு வாரம் நடந்தவர்களையும், எட்டாம் நாள் அதே கடையில் அதே பரோட்டாவுக்கு முன் அமர்ந்தவர்களையும் யாம் நிறையக் கண்டிருக்கிறோம். அழகு என்று சொல்லி இளைஞர்களை வேண்டுமானால் எழுப்பலாம். நரைத்த தாடிக்காரரை அது எழுப்பாது. நீண்ட ஆயுள் என்றாலோ, “ஹயாத்து அல்லாஹ் கையில் இருக்கிறது” என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் இறைவன்மீது பொறுப்பைச் சாட்ட வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) கிராமத்து அரபிக்குச் சொல்லிக் கொடுத்ததை இவர்கள் பிறருக்கு எடுத்துச் சொல்வார்கள். தம் வயிற்றை மட்டும் கட்டமாட்டார்கள்.

எம்மை எழுப்பியது வேறொன்று. பள்ளிவாசல்களின் பின்வரிசையைப் பாருங்கள். யாம் ஓதிய காலத்தில் நாற்காலியில் அமர்ந்து தொழுதவர் ஒருவரோ இருவரோ; அவர்களும் எண்பதைக் கடந்த முதியவர்கள். இன்று சிறு பள்ளிவாசலிலும் நாற்காலிகள் ஒரு வரிசைக்குக் கிடக்கின்றன. ஐம்பது வயதுக்காரர்கள் அவற்றில் அமர்ந்து, நெற்றியைத் தரையில் வைக்க இயலாமல், குனிந்து சைகையால் ஸுஜூது செய்கின்றனர். இயலாதவருக்கு மார்க்கம் அளித்த சலுகை அது. குறைகூற யாருக்கும் உரிமையில்லை. ஆயினும், சம்மணத்திலிருந்து எழும்போது எம் இடது முழங்கால் மறுக்கத் தொடங்கிய நாளில், அந்த வரிசையில் எமக்கும் ஓரிடம் ஒதுக்கப்பட்டிருப்பதுபோல் தோன்றியது. தரையில் நெற்றி படும் இன்பத்தை இழக்க எமக்கு மனமில்லை. சர்க்கரை அளவின் எண்கள் செய்யாததை இந்த எண்ணம் செய்தது. ஒவ்வொருவருக்கும் இப்படி இழக்க விரும்பாத ஒன்று இருக்கும். பேரனைத் தூக்குவதாக இருக்கலாம். மலை மீதுள்ள தர்காவின் படிகளாக இருக்கலாம். ஹஜ்ஜின் தவாஃபாக இருக்கலாம். அது எதுவெனக் கண்டுகொண்டால் மருத்துவரின் அதட்டலுக்கு வேலை குறைவு.

இவ்விடத்தில் ஒரு வாதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐவேளைத் தொழுகையே சிறந்த உடற்பயிற்சி, வேறெதுவும் வேண்டியதில்லை என்று மேடைகளில் முழங்குகின்றனர். தொழுகை வணக்கம். அதனைத் தண்டால் பஸ்கியோடு நிறுத்துப் பார்ப்பது அதனை உயர்த்துவதாகாது. மூட்டுகளுக்கும் தசைகளுக்கும் அதனால் நன்மை உண்டு என்பதில் ஐயமில்லை, ஆனால் நிதானத்தோடு தொழுபவருக்கு இப்னு சீனா கேட்கும் பெருமூச்சு அதில் வாங்காது, வாங்கவும் கூடாது. அண்ணலாரின் (ஸல்) நடை மேட்டிலிருந்து பள்ளத்தில் இறங்குபவரின் நடைபோல் விரைவானது என்று தோழர்கள் வருணித்ததை ‘ஷமாயில்’ நூலில் ஓதிக் கொடுக்கிறோம். ஓதிக் கொடுத்துவிட்டு, பக்கத்துத் தெருவுக்கு ஆட்டோ அழைக்கிறோம்.

இனி விருந்து. ஆலிமாய் இருப்பதன் இடையூறுகளுள் தலையாயது இதுவே. நிக்காஹ், கத்னா, கத்தம், மவ்லிது, புதுமனை, கடைத் திறப்பு, பயணம் சொல்லுதல் என எதற்கும் ஹஸ்ரத் வந்து துஆ ஓத வேண்டும். ஓதிய வாய் வெறுமனே திரும்பக் கூடாது. எங்கள் கடற்கரையோர ஊர்களில் சஹன் சாப்பாடு வழக்கம். ஒரே தட்டைச் சூழ்ந்து மூவர் நால்வர் அமர்ந்து உண்பது அன்பை வளர்க்கும் அழகிய முறை. ஆனால் யார் எவ்வளவு உண்டார் என்பது அங்கே யாருக்கும் தெரியாது, உண்பவருக்கும் தெரியாது. நெய்ச்சோறும் களரிக் கறியும் குறையக் குறைய மேலே கொட்டுவார்கள். எழுந்துவிட்டால் உடன் உண்போரின் கை நின்றுவிடுமே என்னும் நாணம் வேறு. வயிற்றை மூன்றாகப் பகுத்து, ஒரு பகுதி உணவுக்கும் ஒரு பகுதி நீருக்கும் ஒரு பகுதி மூச்சுக்கும் விடச் சொல்லும் ஹதீஸைத் திர்மிதீயில் படித்தவர்தாம் அந்தச் சஹனைச் சுற்றி அமர்ந்திருப்போர் அனைவரும். மூச்சின் பங்கைக் கறி எடுத்துக்கொள்கிறது.

இதற்கு யாம் கண்ட வழி எளியது. நம் பக்கத்துச் சோற்றை மட்டும் உண்பது, கறியைவிடப் பச்சடியில் கையை நீட்டுவது, மெதுவாக மெல்லுவது. மெல்லுகிறவனை யாரும் வற்புறுத்துவதில்லை, வாய்தான் நிறைந்திருக்கிறதே! இனிப்பு வரும்போது பக்கத்திலிருக்கும் சிறுவனுக்கு நகர்த்திவிடுகிறோம். ஹஸ்ரத் அருகில் உட்கார இப்போது சிறுவர்களிடையே போட்டி.

உணவை இவ்வளவு பேசுவதற்குக் காரணம் கணக்குதான். அரைமணி நேரம் விரைந்து நடந்தால் எம்மைப் போன்ற ஓர் உடல் செலவிடுவது ஏறக்குறைய 150 கலோரி. ஒரு மேசைக்கரண்டி நெய்யில் 120 கலோரி இருக்கிறது. நெய்ச்சோற்றைக் காலால் வெல்ல முடியாது. எடை இறங்குவது பெரும்பாலும் தட்டில். நடையில் மட்டும் அதை எதிர்பார்த்து, மாதக் கடைசியில் தராசில் ஏறி, முள் அசையாததைக் கண்டு மனம் முறிந்து, நடையையே விட்டுவிடுவோர் பலர்.

அவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று சென்னையிலிருந்தே கிடைக்கிறது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாசற்படியில் நின்ற ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து, 2006ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். நடையும் உணவு ஒழுங்கும் அறிவுறுத்தப்பட்டோரிடையே நோயாக முற்றுவது ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்திருந்தது. வியப்பு என்னவெனில், அவர்களின் எடையில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. தராசின் முள் அசையாதபோதும் உடலுக்குள் வேலை நடந்திருக்கிறது. இலண்டனில் ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவர் 1953ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வும் புகழ்பெற்றது. இரட்டைத்தட்டுப் பேருந்துகளில் நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று அவர் கண்டார். அவரும் ஏறக்குறைய நூறு வயது வரை வாழ்ந்து 2009இல் மறைந்தார். மதரஸாவில் அமர்ந்திருக்கும் யாம் ஓட்டுநர் கட்சி என்பது சொல்லாமலே விளங்கும்.

எவ்வளவு நடப்பது? பத்தாயிரம் அடி என்று கைப்பேசி வைத்திருப்போர் சொல்கின்றனர். அந்த எண் மருத்துவ நூலில் பிறந்ததன்று. டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றுக்கு இட்ட பெயரிலிருந்து வந்தது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்திற்கு 150 நிமிட நடை. அதற்கு மேல் நடந்தால் மேலும் நன்மை. யாம் பத்து நிமிடத்தில் தொடங்கினோம். செயல்களுள் இறைவனுக்கு உவப்பானது, சிறிதாயினும் விடாமல் செய்வது என்னும் நபிமொழியை மாணவர்களுக்கு எத்தனை முறை விளக்கியிருப்போம்! பழக்கம் வேரூன்றுவதைப் பற்றி இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் தொண்ணூற்றாறு பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2010இல் அச்சேறியது. ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆயிற்றாம். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள். இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய கேடு விளையவில்லை என்றும் கண்டார்கள். குதிரைக்குட்டி பழகுவதற்கும் இப்படித்தான் நாட்கணக்கு இருந்திருக்கும்.

மனம் வந்த பிறகு நடப்போம் என்று காத்திருந்தால் மனம் வராது. நடந்த பிறகே அது பின்னால் வருகிறது. ஆகவே, நாள்தோறும் தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தின் வாலில் இதைக் கட்டிவிட வேண்டும். எமக்கு அது சுப்ஹு. ஸலாம் கொடுத்து, அவ்ராது முடித்து, வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே கடற்கரைச் சாலையில் இறங்கிவிடுகிறோம். வீட்டுக்குப் போனால் தலையணை பேசும்.

துணையும் வேண்டும். அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். தெருமுனையில் குடையோடு நிற்பார். “ஹஸ்ரத், இன்னைக்கு நாலு நிமிஷம் தாமதம்” என்பார். “இமாம் நீண்ட சூரா ஓதிட்டாருங்க ஐயா” என்போம். மனிதர் காத்திருக்கிறாரே என்ற நாணம், மழைத் தூறலிலும் எம்மை வெளியே தள்ளியிருக்கிறது. வழியெல்லாம் அவர் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தைப் பேசுவார். முன் உண்டது செரித்தபின் உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்னும் கருத்தை வள்ளுவர் எத்தனை வகையில் சொல்கிறார் என்று வியப்பார். யாம் கஸ்ஸாலியைச் சொல்வோம். மூன்று கிலோமீட்டர் போவது தெரிவதில்லை. இன்று எம் எடை 83 கிலோ. இன்னும் குறைய வேண்டும். ஆனால் முழங்கால் ஸுஜூதுக்கு மறுப்பதில்லை.

ரமளானில் மட்டும் நேரத்தை மாற்றுகிறோம். தராவீஹுக்குப் பின் அரைமணி. கஞ்சியோடு வரும் வடை சமோசாக்களைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகும், விட்டுவிடுவோம்.

விட முடியாதது பெண்கள் நிலை. எம் இல்லத்தாருக்கு எம்மைவிட முன்பே சர்க்கரை நோய் வந்தது. அவர்களுக்கு யார் தெருமுனையில் குடையோடு நிற்பார்? விடியலில் பெண்கள் சாலையில் நடந்தால் பார்க்கும் கண்கள் வேறு. பேசும் வாய்கள் வேறு. மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். எண்ணிக்கை தவறாதிருக்க ஒரு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை. நாற்பது கொட்டை ஆனால் இறங்குவார்கள். வெயில் ஏறிவிட்டால் அதுவும் இல்லை. மதில் சூழ்ந்த ஜமாஅத் மைதானமோ, ஆண்டில் இரண்டு பெருநாள் தொழுகை தவிர, ஆடுகள் மேயக் கிடக்கிறது.

அதனை மாலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்குத் திறந்துவிடலாம் என்று சென்ற மாதம் ஜமாஅத் கூட்டத்தில் சொன்னோம். “பெண்பிள்ளைகள் ஓடுவதும் நடப்பதும் நம்ம வழக்கமா, ஹஸ்ரத்?” என்று பெரியவர் ஒருவர் கேட்டார். அன்னை ஆயிஷா (ரலி) அண்ணலாரோடு (ஸல்) பயணத்தில் ஓட்டப்பந்தயம் ஓடி வென்றதையும், பின்னர் தமக்கு உடல் பருத்தபோது மீண்டும் ஓடித் தோற்றதையும், முந்தையதற்கு இது ஈடு என்று அண்ணலார் (ஸல்) சொன்னதையும் அபூதாவூதில் உள்ளபடி எடுத்துச் சொன்னோம். உடல் பருத்ததை அன்னையாரே தம் வாயால் எவ்வளவு இயல்பாகச் சொல்கிறார்கள்! பெரியவர் சற்று நேரம் தாடியை நீவினார். பிறகு, “ஹதீஸுக்கு மேல் பேச்சில்லை; ஆடுகளை எங்கே கட்டுவது?” என்றார். ஆடுகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. மைதானத்தின் சாவி யார் வீட்டில் இருப்பது என்பதில்தான் இப்போது பேச்சு நிற்கிறது. வரும் வெள்ளிக்கிழமை மறுபடியும் கூடுகிறார்கள்.