சுருட்டுக்கு ஒரு நெருப்பு

சுருட்டுப் பிடிப்பவர்கள் சுருட்டின் காரத்தைப் பற்றியும் மணத்தைப் பற்றியும் நெடுநேரம் பேசுவார்கள். அதைப் பற்றவைக்கும் நெருப்பைப் பற்றிப் பேசுவார் அரியர். ஆனால், எங்கள் தீவகத்திலே நெருப்புத்தான் முதற் சிக்கல். ஊர்காவற்றுறைத் துறையிலோ, குறிகட்டுவான் இறங்குதுறையிலோ, நெடுந்தீவின் கற்சுவர் வேலிகளுக்கிடையே செல்லும் ஒழுங்கைகளிலோ, சோளகக் காற்று வீசும் நாளில் நின்று ஒரு நெருப்புக்குச்சியைக் கிழித்துப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும். குச்சியின் தலையில் நெருப்புப் பிறந்த கணமே அதனை அணைப்பதற்கென்று காற்றுக் காத்து நிற்கும். பெட்டியிற் பாதி தீர்ந்த பின்னும் சுருட்டு வாயிலே குளிர்ந்து கிடக்கும்.

சிகரெற்றாயின் ஒருமுறை பற்றவைத்தாற் போதும். பிடிப்பவர் மறந்தாலும் அது தானே எரிந்து முடியும். யாழ்ப்பாணச் சுருட்டின் இயல்பு வேறு. தடித்த இலை; கோடா ஊறிப் பதப்பட்ட இலை. அது ஈரத்தைத் தன்னுள்ளே காத்து வைத்திருக்கும். இழுப்பதை நிறுத்தி அயலவரோடு நாலு வார்த்தை பேசினால் அணைந்துவிடும். எங்கள் முதியவர்களின் காதோரத்திலும் தாழ்வாரத்துக் கூரையிடுக்கிலும் குறைச்சுருட்டு செருகப்பட்டிருப்பதன் காரணம் இதுவே. ஒரு சுருட்டு ஒரு பகலிலே நாலைந்து முறை அணைந்து, நாலைந்து முறை மீண்டும் உயிர்பெறும். ஆகவே, சுருட்டுக்காரருக்குச் சுருட்டிலும் நெருப்பே அதிகம் வேண்டும்.

எமது பெரியப்பா நெடுந்தீவில் வாழ்பவர். சில ஆண்டுகளுக்கு முன் கனடாவிலுள்ள அவருடைய மகன் எமக்குப் பணம் அனுப்பி, 'ஐயாவுக்குக் காற்றிலும் அணையாத ஒரு நல்ல லைற்றர் வாங்கிக் கொடுங்கள்' என்று எழுதினார். அவர் தாமே கொண்டுவர முடியாமைக்குக் காரணம் உண்டு. சீறி எரியும் நீலச் சுவாலை லைற்றர்களை விமானப் பயணிகள் கையிலோ பெட்டியிலோ கொண்டுவர அனுமதியில்லை. வெளிநாட்டிலிருந்து உறவினருக்குப் பரிசு கொண்டுவருவோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

லைற்றர் நேற்றுத் தோன்றிய பொருளன்று. நாம் இன்று கிழிக்கும் நெருப்புக்குச்சியிலும் அது சற்று மூத்தது. 1823 ஆம் ஆண்டிலே ஜேர்மனிய இரசாயன அறிஞர் டோபரைனர், நாகத்தையும் கந்தக அமிலத்தையும் சேர்த்து ஐதரசன் வாயுவைப் பிறப்பித்து, அதனைப் பிளாற்றினத்தின்மீது பாய்ச்சி நெருப்பு உண்டாக்கினார். ஆங்கிலேயரான ஜோன் வாக்கர் உரசுங் குச்சிகளை விற்கத் தொடங்கியது 1827 இலேதான். ஆனால் டோபரைனரின் கருவி மேசையை விட்டு நகராத கண்ணாடிச் சாடி. 1903 இல் ஒஸ்திரிய அறிஞர் அவுவர் வொன் வெல்ஸ்பாக், இரும்பும் சீரியமும் கலந்த கல்லைக் கண்டுபிடித்த பின்னரே, உருளையை விரலால் உருட்டிப் பொறி எழுப்பும் சிறு லைற்றர் சட்டைப்பைக்குள் வந்து சேர்ந்தது.

கடைக்காரர் மூன்று வகையை எம்முன் வைத்தார். முதலாவது பெற்றோல் லைற்றர். உள்ளே பஞ்சு, அதில் எரிநெய், மேலே திரி. திரியைச் சுற்றித் துளையிட்ட காற்றுமறைப்பு. மெல்லிய காற்றைத் தாங்கும். ஆனால் முதல் இழுவையில் எரிநெய் வாடை சுருட்டோடு கலந்துவிடும். மேலும், பாவிக்காமல் வைத்திருந்தாலும் எண்ணெய் ஆவியாகிப் போகும். இரண்டாவது சாதாரண வாயு லைற்றர். பியூற்றேன் வாயு மணமின்றி எரியும். சுருட்டின் சுவையைக் கெடாது. வீட்டுத் திண்ணைக்கு இதனிலும் நல்லதில்லை. ஆனால் சோளகத்தின் முன்னே ஒரு கணமும் நில்லாது. மூன்றாவது, வாயுவோடு காற்றை முன்னரே கலந்து சீறச்செய்யும் நீலச் சுவாலை லைற்றர். காற்றுக்கு எளிதில் அஞ்சாது. பெரியப்பாவுக்கு இதனையே தெரிந்தோம்.

இதற்குப் பயன்படுத்தும் முறை ஒன்று உண்டு. நீலச் சுவாலையின் வெப்பம் ஆயிரம் பாகையையும் கடக்கும். அதனைச் சுருட்டிலே நேரே பாய்ச்சினால் இலை கரிந்து கசக்கும். இரண்டு விரற்கடை தூரத்தில் பிடித்து, சுருட்டை மெல்லச் சுழற்றி, விளிம்பு முழுவதும் ஒரே சீராகக் கனன்ற பின்னரே இழுக்கவேண்டும். வாயு நிரப்பும்போது, எஞ்சிய வாயுவை முதலில் வெளியேற்றி, லைற்றரைத் தலைகீழாகப் பிடித்து நிரப்பி, சில நிமிடம் பொறுத்தே பற்றவைக்கவேண்டும். வெயிலிலே கிடக்க விடுதல் ஆபத்து. குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும் என்று தாய்மாருக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

பெரியப்பா லைற்றரைக் கையில் வாங்கி, ஒழுங்கை முகப்பிலே காற்றுக்கு எதிரே நின்று அழுத்தினார். நீலச் சுவாலை சீறிற்று. சுருட்டுப் பற்றிக்கொண்டது. "கெட்டித்தனமான சாமான்தான்," என்றார். பின்பு சற்றுப் பொறுத்து, "ஆனால் தம்பி, மடிக்குள்ளை நெருப்பிருந்தால் ஒருத்தரிட்டையும் கேட்கத் தேவையில்லை. கேளாதவனோடை ஆர் கதைக்கிறது?" என்றார்.

அச் சொல்லின் பின்னே அவருடைய வாழ்க்கை முழுவதும் இருந்தது. புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு முதலிய ஊர்களைச் சேர்ந்த பலரைப் போல அவரும் இளமையிலே தென்னிலங்கைக்குச் சென்று கடை நடத்தியவர். 'சுருட்டுக் கடை' என்பதே எங்கள் தீவகத்தாரின் கடைகளுக்கு அங்கு வழங்கிய பெயர். அக் கடையின் வாசற் கம்பத்திலே ஒரு தும்புக் கயிறு தொங்கும். அதன் நுனி காலை முதல் இரவுவரை கனன்றுகொண்டிருக்கும். வயலுக்குப் போகும் சிங்களக் கமக்காரர், வண்டிக்காரர், பஸ் சாரதி எல்லோரும் அந்தக் கயிற்றை எடுத்துத் தம் சுருட்டையும் பீடியையும் பற்றவைப்பர். சுருட்டு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நெருப்புக்குக் காசு இல்லை. பற்றவைக்கும் அந்த நேரத்திலே மழையைப் பற்றி ஒரு சொல், பிள்ளையின் காய்ச்சலைப் பற்றி ஒரு சொல். பெரியப்பா சிங்களம் கற்றது அந்தக் கயிற்றடியிலேதான்.

1958 இலும், 1977 இலும், 1983 இலும் தமிழரின் கடைகள் எரிந்தன. பெரியப்பாவின் கடை 1983 ஆடியிலே எரிந்தது. உடுத்த உடையோடு அவர் ஊருக்குத் திரும்பினார். அன்றிரவு அவரைத் தன் வீட்டுக்குள் மறைத்து வைத்தவர், நாள்தோறும் அந்தக் கயிற்றிலே சுருட்டுப் பற்றவைத்த ஒரு கமக்காரர். "நெருப்பு வைச்சவன் ஆரெண்டு எனக்குத் தெரியாது, நெருப்புக் கேட்டு வந்தவனைத் தெரியும்," என்பதற்கு மேல் அவர் அக் கதையைச் சொல்வதில்லை.

அந்தக் கயிற்றிலே நாம் கற்கவேண்டிய பாடமும் ஒன்று உண்டு. சுவாலையை அணைக்கும் காற்றே தணலை வளர்க்கிறது. கயிறு சுவாலையின்றிக் கனல்வதால், காற்று அடிக்க அடிக்க அது மேலும் சிவக்கும். முதலாம் உலகப் போரிலே பதுங்குகுழிகளில் இருந்த போர்வீரர் சிலர், பொறிக்கல்லோடு பஞ்சுக் கயிறு இணைத்த லைற்றரைப் பயன்படுத்தியதும் இந்த நியாயம் பற்றியே. அது காற்றிலும் அணையாது. இரவிலே சுவாலை காட்டிப் பகைவருக்கு இடத்தைச் சொல்லவும் மாட்டாது. விலை மிகுந்த நீலச் சுவாலை செய்யும் வேலையை, எங்கள் தென்னந்தும்பு செலவின்றிச் செய்துவந்தது.

எனினும், சுருட்டைப் புகழ்வது எமது நோக்கமன்று. புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் சுருட்டு வாயிலும் தொண்டையிலும் புற்றுநோயை விளைக்கும் என்பது இன்று ஐயமற்ற உண்மை. இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம், இருபத்தொரு வயது நிரம்பாதோருக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதைத் தடைசெய்கிறது. மாணவர்கள் இக் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கயிற்றின் கதையையே, சுருட்டையன்று.

பெரியப்பாவும் சுருட்டை விட்டுவிட்டார். நெஞ்சைச் சோதித்த வைத்தியர் கண்டிப்பாகச் சொன்னதும், கூரையிடுக்கிலே கிடந்த குறைச்சுருட்டை எடுத்து அடுப்பிலே போட்டார். லைற்றரை மட்டும் விடவில்லை. மாலையிலே விளக்கேற்றப் பெரியம்மாவுக்கு அது உதவுகிறது. மற்ற வேளைகளில் அவர் மடியிலேயே இருக்கிறது. இறங்குதுறையிலே படகுக்குக் காத்து நிற்கும் இளைஞர் எவரேனும் காற்றோடு போராடிக் குச்சிகளை வீணாக்கக் கண்டால், பெரியப்பா கேளாமலே மடியை அவிழ்த்து நீட்டுவார். அவன் பற்றவைத்து நன்றி சொன்னதும், "நான் விட்டிட்டன் தம்பி, நீயும் விடு," என்று தொடங்குவார். படகு வரும்வரை பேச்சு நடக்கும். அதற்குள் அந்தச் சுருட்டு அணைந்தே போகும். இரண்டாம் முறை அவர் நெருப்புக் கொடுப்பதில்லை.