இடப்பக்கம் பானை

நான் பிறந்தது சூரியநெல்லி லயத்தில், வாழ்க்கைப்பட்டது முதலமடையில். இடுக்கியில் ஒன்று, பாலக்காட்டில் ஒன்று. 2023-இல் இரண்டு ஊரையும் ஒரே யானை சேர்த்து வைத்தது. ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றுவந்த, சூரியநெல்லிக்குப் பக்கத்துச் சின்னக்கானல் அரிக்கொம்பனை முதலமடைக்குப் பக்கத்துப் பரம்பிக்குளத்தில் விடலாம் என்று ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னதும் முதலமடை கொதித்துவிட்டது.

"எங்க கொண்டு போயி விட்டாலும் வந்துரும் கண்ணு. ஆனைக்கு வழி மறக்குமா?" என்றார் மாமியார்.

அந்த வழி தலைக்குள் எங்கே இருக்கிறது? அன்று தொடங்கியது என் தேடல்.

கடைசியில் பரம்பிக்குளத்தை விட்டுவிட்டு, ஏப்ரல் 29-இல் பிடித்த யானையைப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே 27 காலையில் அது கம்பம் தெருவில் நின்றது. மேப்பை விரித்துப் பார்த்தேன். பெரியாற்றுக் காட்டிலிருந்து சின்னக்கானல் வடக்கே. கம்பம் போகிற வழியில்தான். ஊருக்குக் கிளம்பியதா, அரிசி வாசத்துக்கு இறங்கியதா, யானையைத்தான் கேட்க வேண்டும்.

புத்தகங்களில் கிடைத்ததெல்லாம் எலிகள். எலி மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் சில செல்கள், அது ஒரு குறிப்பிட்ட மூலைக்கு வந்தால் மட்டும் துடிக்கின்றன என்று 1971-இல் ஜான் ஓகீஃப் எழுதினார். பக்கத்திலிருக்கும் எண்டோரைனல் கார்டெக்ஸில், முக்கோண முக்கோணமாகச் சம இடைவெளியில் துடிக்கும் செல்களை 2005-இல் மோசர் தம்பதியர் கண்டார்கள். 2014-இல் மூவருக்கும் நோபல். எங்கள் எஸ்டேட் பாஷையில் சொன்னால், ஒன்று 'இது பைப்படி முக்கு' என்கிறது, இன்னொன்று சர்வேயர் மாதிரி சங்கிலி பிடித்து அளக்கிறது. முகம் எந்தத் திசையில் என்று பார்த்துச் சொல்ல வேறு செல்கள். மூக்கிலிருந்து வரும் சேதியும் எண்டோரைனலுக்குள்தான் நுழைகிறது என்று படித்தபோது ரேஷன் கடை மூட்டைகள் ஞாபகம் வந்தன.

ஆனால் என்னை உலுக்கியது 1996-இல் பேக்கார்ட், மெக்கா என்ற ஆய்வாளர்கள் செய்த சோதனை. சிலுவை வடிவப் பாதையில் ஒரே முனையிலிருந்து விட்டு, எலிக்குத் தீனி இருக்கும் கையைப் பழக்கினார்கள். எட்டாம் நாள் எதிர்முனையில் விட்டால் பெரும்பாலான எலிகள் தீனி இருந்த இடத்துக்கே போயின. பதினாறாம் நாள் விட்டால் இடத்தைப் பார்க்காமல் பழகிய பக்கமே திரும்பின. இப்படிப் பழக்கத்தில் திரும்புவது மூளையில் காடேட் என்ற பகுதியின் வேலை. அப்போது காடேட்டை மரக்கடித்தால் எலி மறுபடி சரியான இடத்துக்குப் போகிறது. பழைய மேப் அழியவில்லை, அடியில் கிடக்கிறது.

ஜூன் 5-இல் பிடித்த யானையைத் தமிழக வனத்துறை கோதையாறு மலையில் விட்டது.

கொழுந்து பறித்து ஓய்வு பெற்று லயத்தைக் காலி செய்த அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். தண்ணீர்ப் பானை எந்தப் பக்கம் என்று பகலில் கேட்டால், "வலப்பக்கந்தான், ஏன்டி?" என்கிறாள். ராத்திரி தாகத்துக்கு எழுந்தால் இடப்பக்கம் திரும்பி, சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறாள்.