பெயரின் மேல் ஒரு பென்சில் குறி



போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவி ஒருத்தி மடிக்கணினியும் கையுமாக வீட்டுக்கு வந்தாள். ஒசூர் சிப்காட்டில் வேலை. ஜப்பானியப் பொறியாளர்கள் வந்து போகும் கம்பெனி. பெங்களூருக்குப் போய் ஜப்பானிய மொழித் தேர்வெல்லாம் எழுதியவள். "சார், வந்தவர் பேரையே தப்பாப் படிச்சிட்டேன். மானம் போச்சு" என்றாள்.

ஜப்பானிய மொழியில் சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள் உண்டு. ஒரே எழுத்துக்குப் பல உச்சரிப்பு. ஒரே குடும்பப் பெயரைக் 'கோனோ' என்றும் படிக்கலாம், 'கவானோ' என்றும் படிக்கலாம். அவரே சொன்னால்தான் தெரியும். அதனால் எழுத்தின் தலைமேல் பொடி எழுத்தில் உச்சரிப்பைப் போடுவார்கள். அதுதான் ஃபுரிகானா. கணினிக்காரர்கள் 'ரூபி' என்கிறார்கள். இங்கிலாந்து அச்சகங்களில் ஐந்தரைப் புள்ளிச் சின்ன எழுத்துக்கு இருந்த பெயர் அது.

இவள் எல்லாவற்றையும் நோட்பேடில் தட்டி வைத்திருக்கிறாள். அதில் மேலே, கீழே என்பதே கிடையாது. எல்லாம் ஒரே வரிசை. அதனால் சொல்லை அடுத்து, இரட்டைக் கோண அடைப்புக்குள் உச்சரிப்பு. 1997 முதல் தன்னார்வலர்கள் நடத்தும் ஆவோசோரா புங்கோ மின்நூலகத்தின் வழக்கம் அது. அந்தக் கோப்பிலிருந்து செல்போனுக்கு வலைப்பக்கம், சுவரில் ஒட்டப் பிடிஎஃப் என்று மாற்றியிருக்கிறாள். வலைப்பக்கத்தில் சின்ன எழுத்து அழகாக மேலே ஏறியது. பிடிஎஃபில் அடைப்போடு சேர்ந்து உச்சரிப்பும் காணாமல் போனது. அவள் படித்தது பிடிஎஃபை.

எனக்குச் சுருக்கென்றது. 1986-இல் திருநெல்வேலிப் பக்கமிருந்து இங்கே வேலைக்கு வந்தேன். அப்போது இது தருமபுரி மாவட்டம். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள். ஒரு பையன் பெயர் கன்னடத்தில் 'பெரிய' என்று பொருள்படும் சொல்லில் தொடங்கும். பதிவேட்டில் 'தொட்ட' என்று இருந்தது. நான் அப்படியே வாசித்தேன். வகுப்பு சிரித்தது, அவன் தலை குனிந்தான்.

தகரத்தைத் 'தேசம்' என்பதில் சொல்வதுபோலவும், டகரத்தை 'வண்டி'யில் ஒலிப்பதுபோல் இரட்டித்தும் சொல்ல வேண்டுமாம். தமிழில் இரட்டித்த டகரம் வன்மையாகத்தான் ஒலிக்கும். நம் எழுத்தில் குறையில்லை. நம் மொழிக்கு அது போதும். அவன் பெயருக்குப் போதவில்லை. மறுநாள் பதிவேட்டில் அந்தப் பெயரின் மேல் பென்சிலால் சிறு குறி போட்டேன். பிறகு தப்பவில்லை.

பத்தாம் வகுப்பில் அவன்தான் பள்ளியில் முதல். பரிசுப் பட்டியலை நானே நகலெடுத்துக் கொடுத்தேன். பென்சில் குறியை எடுத்தெழுதவில்லை. மேடையில் பழையபடியே கூப்பிட்டார்கள், கூட்டம் சிரித்தது. அவன் மேடைக்கு வரவில்லை. பரிசை மறுநாள் வகுப்பில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், என் முகத்தைப் பார்க்கவில்லை.

உறவுகளுக்குப் புரியும்படி ஒன்று. ஸ்லோகப் புத்தகத்தில் 'க³ணபதி' என்று பொடி எண் இருக்கும். மூன்றாவது ககரமாகச் சொல் என்று பொருள். அதுவே வாட்ஸப்பில் 'க3ணபதி' என்று வருகிறது. "மூணு கணபதியா?" என்று என் மைத்துனர் கேட்டாரே, அதே கதைதான்.

அன்று சாயங்காலம்வரை உட்கார்ந்து சரிசெய்தோம். கணினி வேலை அவளுடையது. ஒப்பிட்டுப் பார்த்தது நான். மூலக் கோப்பில் உச்சரிப்பு தெளிவான குறியோடு இருக்க வேண்டும். மேலே ஏற்ற முடிகிற இடத்தில் ஏற்ற வேண்டும். முடியாத இடத்தில் பக்கத்தில் பிறை அடைப்புக்குள்ளாவது வர வேண்டும். வலைப்பக்க மொழியிலேயே, ரூபி தெரியாத உலாவியில் அடைப்புக்குறி காட்ட ஏற்பாடு இருக்கிறதாம். அழகு குறைந்தால் பரவாயில்லை, உச்சரிப்பு தொலையக் கூடாது. மாற்றிய ஒவ்வொரு கோப்பையும் திறந்து, குறைந்தது பெயர்களையாவது வாசித்துப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். இதை அன்றைக்கு நான் செய்யவில்லை.

அந்தப் பையன் இதைப் படிப்பானா தெரியாது. படித்தால், மன்னித்துக்கொள்ளப்பா.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பெயரை நான் தப்பாகக் கூப்பிட்டிருந்தால், வீட்டில் அம்மா கூப்பிடுவதுபோல் சொல்லிக் குரல் பதிவாக அனுப்புங்கள். பழைய பதிவேடுகளின் என் சொந்த நகல் இன்னும் பீரோவில் இருக்கிறது. பென்சிலும் இருக்கிறது.