சக்கரங்களின் சுயாதீனம்

பழைய பொருளொன்றைத் திருத்தப் புகுவோன், தான் எதனைப் பெறப்போகிறான் என்பதை அறிவான். எதனை இழக்கப்போகிறான் என்பதை அறியான். இவ்வுண்மையை நான் நூல்களிற் கற்கவில்லை. எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் காரின் அடியிற் படுத்துக் கிடந்தே கற்றேன்.

அந்தக் கார் 1961 ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் ஐயா அதனைப் பழைய காராகவே வாங்கினார். 1990க்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, சிறிதளவு பெற்றோலில் இயந்திரத்தை இயக்கிச் சூடேற்றிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார். அயலிலுள்ள நோயாளரை இரவிலும் அதில் ஏற்றிச் சென்றார். அந்நாளில் ஒருமுறை பின்புற வில்தகடு முறிந்தது. புதிய தகடு பெற வழியில்லை. ஊர்க் கொல்லர் பட்டறையில், கழித்துவிட்ட லொறித் தகடொன்றை வெட்டிக் காய்ச்சி வளைத்துப் பூட்டினார்கள். மறுநாளே கார் ஓடியது.

2012 ஆம் ஆண்டு. நான் பொறியியற் பீடத்தில் இறுதியாண்டு மாணவன். அம்மாவுக்கு முதுகெலும்பில் நோய் கண்டது. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் 20 மைலுக்கு மேல். சிகிச்சைக்காகச் செல்லும் ஒவ்வொரு முறையும், பள்ளம் கண்ட இடமெல்லாம் அம்மா முன்னிருக்கையை இரு கைகளாலும் பற்றிக்கொள்வார். வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. அதுவே எனக்குத் தாங்கவில்லை.

காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. அக்காரின் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சின் இரு முனைகள். ஒன்று கல்லில் ஏறினால் மற்றையதும் சரியும். அச்சின் நடுவே பாரமான பற்சக்கரப் பெட்டி இருக்கிறது. பள்ளந்தோறும் அந்தப் பாரம் முழுவதும் எழுந்து விழவேண்டும். காரின் மொத்த நிறையோ ஏறக்குறைய 750 கிலோகிராம். இலேசான உடலின் கீழ்ப் பாரமான அச்சுத் துள்ளினால் அதிர்ச்சி இருக்கைக்கே வரும். சுயாதீனத் தொங்கல் அமைப்பில் பற்சக்கரப் பெட்டி உடலோடு பிணைக்கப்படும். சக்கரம் ஒவ்வொன்றும் தன் புயத்தைப் பற்றிக்கொண்டு தனித்தனியே ஏறியிறங்கும். துள்ளும் பாரம் குறையும். ஒன்றன் துன்பம் மற்றையதைச் சாராது.

நண்பர் சிலர், "பழமையைக் கெடுக்கிறாய்" என்றனர். அவர்களுக்கு நான் அக்காரின் வரலாற்றையே விடையாகச் சொன்னேன். அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், 1947 ஆம் ஆண்டின் இறுதியில், மாதிரிக் காரின் அகலம் தம் கண்ணுக்குப் பொருந்தவில்லையென்று, அதனை நெடுக்கே இரு கூறாக அறுக்கச் செய்து, இடையில் 4 அங்குலம் சேர்த்தார். முன்மூடியின் நடுவே ஓடும் பட்டை அந்த வெட்டின் தழும்பே. 1948 ஆம் ஆண்டு வெளிவந்த அக்காரின் முன்சக்கரங்களுக்கு முறுக்குத் தண்டுகளோடு சுயாதீனம் இருந்தது, பின்சக்கரங்களுக்கு இல்லை. 1959 ஆம் ஆண்டு அவரே வடிவமைத்த மினி காரில் நான்கு சக்கரங்களும் அதனைப் பெற்றன. தன்னைப் படைத்தவன் கையாலேயே அறுபட்ட பொருளைத் திருத்துவது எவ்வாறு பழியாகும் என்று வாதிட்டேன்.

ஐயா வாதிடவில்லை. "செய், தம்பி. ஆனால் திருப்பிப் பூட்டேலாத மாதிரி ஒண்டையும் வெட்டாதை" என்றார்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில், யப்பானியக் கார் ஒன்றின் பின்பகுதியை வாங்கினேன். அது எங்கள் காருக்கு ஏறக்குறைய 6 அங்குலம் அகலம் கூடியது. புயங்களைக் குறுக்கினோம். சக்கரங்களுக்குச் செல்லும் இரு சுழல்தண்டுகளையும் கடைச்சற் பட்டறையில் வெட்டிக் குறுக்கி, முனையிற் புதிதாகப் பல் வெட்டுவித்தோம். வில்தகடு ஒன்று எத்தனை வேலை செய்தது என்பது அதனைக் கழற்றிய பின்னரே எனக்குப் புலனாயிற்று. பாரத்தைத் தாங்கியது, அச்சை அதன் இடத்தில் நிறுத்தியது, இயந்திரத்தின் முறுக்கையும் ஏற்றது. இப்போது அவ்வேலைகளுக்குச் சுருள்வில்லும் புயங்களும் றப்பர் இணைப்புகளும் வேண்டியிருந்தன. அவை யாவற்றையும் தாங்க ஓர் இரும்புச் சட்டம் அமைத்து, பழைய வில்தகடுகளைத் தாங்கிய துளைகளிலேயே பூட்டினோம். உடலில் ஒரு வெட்டும் இல்லை.

முதற் பயணத்தில் அம்மா முன்னிருக்கையைப் பற்றவில்லை. வல்லைவெளி தாண்டும்போது உறங்கியும் விட்டார். ஐயா கண்ணாடியில் அதனைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.

எட்டு மாதங்களின் பின் கார் நின்றது. சுழல்தண்டின் வெளிமூட்டை மூடிய றப்பர் உறை கிழிந்து, கிறீஸ் சிதறி, மணல் புகுந்து மூட்டுத் தேய்ந்துவிட்டது. எங்கள் தண்டு வெட்டிக் குறுக்கியது. எந்தக் கடையிலும் இல்லாதது. கொழும்பிலே செய்வித்து எடுக்க ஐந்து வாரம் சென்றது. அவ்வாரங்களில் அம்மா வாடகைக்குப் பிடித்த முச்சக்கர வண்டியிற் குலுங்கிச் சென்றார்.

அப்போது ஐயா கேட்டது ஒன்றுதான்: "தம்பி, அந்தப் பழைய அச்சு எங்கை கிடக்கு?"

அக்கேள்வியிற் கோபம் இல்லை. ஆனால் அன்றே நான் என் கணக்கிற் சேர்க்காத ஒன்றை உணர்ந்தேன். துள்ளும் பாரத்தைக் கணக்கிட்டேன். கொல்லர் பட்டறையைக் கணக்கிடவில்லை. பாதை மூடிக் கிடந்த நாளில், கழித்த லொறித் தகட்டாலேயே மீண்டும் ஓடக்கூடியதாக இருந்தது அந்தக் கார். சக்கரங்களுக்குச் சுயாதீனம் அளித்த நான், அவற்றை ஓட்டியவரின் சுயாதீனத்தை எடுத்துவிட்டேன். ஐயா காத்து வந்தது பழமையை அன்று. பிறர் கையை எதிர்பாராது வாழும் ஆற்றலை.

எனினும் நான் பழைய அச்சைத் திருப்பிப் பூட்டவில்லை. அம்மாவின் உறக்கமும் ஓர் உண்மை. புதிய தண்டோடு மேலதிகமாக ஒரு சோடி செய்வித்து வைத்தேன். மாதந்தோறும் றப்பர் உறைகளைப் பார்க்கிறேன். பழைய அச்சும், கொல்லர் வளைத்த அந்தத் தகடும், கிறீஸ் பூசிச் சாக்கினாற் சுற்றி எங்கள் வீட்டுக் கொட்டிலில் இருக்கின்றன. திருப்பிப் பூட்ட ஒருநாட் பொழுது போதும்.