அம்மாவின் வாத்து வேட்டை

டிவி கேம் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. திரையிலிருந்து வரும் வெளிச்சத்தை அது உள்ளே வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். தொண்ணூறுகளில் அதைப் பிடித்து வாத்து சுட்ட பலருக்கு இன்றும் இது தெரியாது. நான் இ.சி.இ. டிப்ளமோ படித்தவள். எனக்கே போன வருஷம்தான் முழுசாகப் புரிந்தது, அதுவும் அம்மாவால்.

1994-ல் அப்பா பர்மா பஜாரிலிருந்து ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். ஜப்பானின் நின்டெண்டோ 1983-ல் கொண்டுவந்த ஃபேமிகாம் பெட்டியின் நகல் அது. மஞ்சள் கேசட்டில் '999999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே போனால் அதே பத்துப் பன்னிரண்டு கேம்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். ஓடவில்லையென்றால் கேசட்டை ஊதிப் போடுவோம். மரியோ, கான்ட்ரா எல்லாம் தம்பியின் ராஜ்ஜியம். எனக்கு எப்போதாவது இரண்டாவது கன்ட்ரோலர் கிடைக்கும்.

'டக் ஹன்ட்' மட்டும் அம்மாவுடையது. இது எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒருநாள் ஸ்கூல் அரைநாளோடு முடிந்து வீட்டுக்கு வந்தால், உள்ளே 'டக்... டக்' என்று சத்தம். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, ஆரஞ்சு நிறத் துப்பாக்கியை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு வாத்துக்கு மூன்று குண்டு உண்டு. அம்மாவுக்கு ஒன்று போதும். தப்பிப் போனால் புதரிலிருந்து ஒரு நாய் எழுந்து சிரிக்கும். "சிரிக்கிறதப் பாரு, எருமை!" என்று நாயைத் திட்டுவாள்.

மதியம் பாத்திரம் கழுவி முடித்ததற்கும் சாயங்காலக் காபிக்கும் நடுவில் கிடைக்கும் அரை மணி நேரம் அது. எங்களுக்கும் அப்பாவுக்கும் சம்பந்தமில்லாமல் அம்மா செய்த வேறு காரியம் எதுவும் எனக்கு நினைவில்லை.

அப்பா போய் இரண்டு வருஷமாகிறது. அதன் பிறகு அம்மா எதையும் வேண்டுமென்று கேட்டதில்லை. காலையிலிருந்து டிவி ஓடும். பார்க்கிறாளா என்றால் பார்க்க மாட்டாள். 'சேனல் மாத்தவாம்மா?' என்று கேட்டால், 'எதா இருந்தா என்ன?' என்பாள். போகிக்குப் பரண் ஒழித்தபோது அந்தத் துப்பாக்கி கிடைத்தது. நான் குப்பையில் போடப்போனேன். அம்மா கையிலிருந்து வாங்கி, விசையை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

"அந்த வாத்து இன்னும் ஓடுமாடி?"

ரெண்டு வருஷத்தில் அம்மா தனக்காகக் கேட்ட முதல் கேள்வி. ஓடாது என்று எப்படிச் சொல்வது?

ஆனால், இன்றைய டிவியில் ஓடாதுதான். காரணம் சுவாரஸ்யமானது. விசையை அழுத்தியதும் கேம் ஒரு கணம் திரையை முழுக்கக் கறுப்பாக்கும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். குழாய்க்குள் இருக்கும் ஒளி உணரி முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் பார்த்தால் 'வாத்து விழுந்தது' என்று கணக்கு. டியூப் லைட்டைப் பார்த்துச் சுட்டால் பலிக்காமல் போனது இதனால்தான். (தம்பி எத்தனை முறை முயன்றிருக்கிறான்!)

பழைய பிக்சர் டியூப் டிவி, நொடிக்கு 15,000-க்கும் மேற்பட்ட கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்துதான் படம் காட்டியது. அந்தத் துடிப்புக்கு ஏற்றபடி துப்பாக்கியின் சர்க்யூட் செய்யப்பட்டிருந்தது. இன்றைய எல்.இ.டி. டிவி அப்படி வரைவதில்லை. போதாக்குறைக்கு, வந்த படத்தை மெருகேற்றிவிட்டுக் கொஞ்சம் தாமதமாகக் காட்டுகிறது. கேம் கேட்கும் கணத்தில் துப்பாக்கிக்கு எதுவும் தெரிவதில்லை.

பழைய டிவி ஒன்றைத் தேடி வாங்கலாம்; அந்தப் பெட்டியை வைக்க வீட்டில் இடமில்லை. திரையைச் சுற்றி வெள்ளைச் சட்டம் காட்டி, கேமராவால் குறி கண்டுபிடிக்கும் புதுத் துப்பாக்கிகள் வெளிநாட்டில் கிடைக்கின்றன. ஆனால், அம்மா கையில் இருந்தது வேறு துப்பாக்கி. பிடியில் தம்பி காம்பஸால் கீறிய பெயர்கூட அழியவில்லை.

என் பையன் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். "உள்ளே இருக்கிறதை மட்டும் மாத்திடலாம்மா" என்றான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாதிப் பொருள், ஆன்லைனில் மீதி. அகச்சிவப்பு ஒளியை மட்டும் பார்க்கும் பொடிக் கேமரா ஒன்று, அதன் கண்ணுக்கு இலக்காக டிவியின் ஓரங்களில் ஒட்ட நான்கு அகச்சிவப்பு எல்.இ.டி. விளக்குகள், கணினியிடம் தன்னை மவுஸ் என்று சொல்லிக்கொள்ளும் ஆர்டுயினோ போர்டு, கேமை ஓட்ட ஒரு ராஸ்பெர்ரி பை. கேமரா அந்த நான்கு புள்ளிகளைப் பார்த்து, துப்பாக்கி எங்கே நோக்குகிறது என்று கணக்குப் போடும். 2006-ல் வந்த நின்டெண்டோ வீ கன்ட்ரோலரின் மூக்கிலும் இப்படி ஒரு கேமராதான். டிவி மேல் வைக்கும் அதன் 'சென்ஸார் பார்', பெயருக்குத்தான் சென்ஸார்; உள்ளே இருப்பது வெறும் விளக்குகள். அது இல்லாவிட்டால் இரண்டு மெழுகுவத்தி ஏற்றி வைத்தும் ஆடலாம். இந்த மெழுகுவத்தி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திருகுகளைக் கழற்றித் துப்பாக்கியைத் திறந்தோம். ஒரு லென்ஸ், தீப்பெட்டி அளவு போர்டு, கனத்துக்காக வைத்த இரும்புத் துண்டு, விசையின் ஸ்பிரிங். பழைய பொருளைப் பிரித்து மாற்றுவதே பாவம் என்று சொல்லும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அபூர்வமான பொருள் என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். இது தெருவுக்குத் தெரு இருந்த நகல். பரணில் கிடப்பதைவிடக் கையில் இருப்பது மேல். ஆனாலும் பழைய போர்டைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. ஸ்பிரிங்கை மட்டும் தொடவில்லை. அந்த 'டக்' சத்தம் போய்விட்டால் இதெல்லாம் எதற்கு? பல வருஷம் கழித்து சால்டரிங் அயர்ன் பிடித்தேன். கை மறக்கவில்லை.

நான்கு விளக்கும் எரிகிறதா என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. போனின் செல்ஃபி கேமராவில் பார்த்தால் பெரும்பாலும் வெளிர் ஊதாவாகத் தெரியும். உங்கள் வீட்டு டிவி ரிமோட்டை இப்படிப் பார்க்கலாம், பேட்டரியா ரிமோட்டா எது போச்சு என்று புரிந்துவிடும்.

முதல் நாள் அம்மா உட்கார்ந்தாள். பையன் திரையில் குறிக்காக ஒரு பிளஸ் அடையாளம் வைத்திருந்தான். "அது எதுக்கு? எனக்குக் கண்ணு இல்லையா?" என்று எடுக்கச் சொன்னாள். புரை ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. சுட்டாள். மூன்று குண்டும் வீண். நாய் எழுந்து சிரித்தது. எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது.

"என் குறி சரியாத்தான் இருக்கு. இந்த டிவி லேட்டா காட்டுது" என்றாள்.

பையன் என்னைப் பார்த்தான். கேமராவை, கோடை, வயரை எல்லாம் சந்தேகப்பட்டிருந்தோம்; இதை யோசிக்கவில்லை. டிவி செட்டிங்ஸில் 'கேம் மோட்' போட்டதும் மெருகேற்றும் வேலையெல்லாம் நின்றது, தாமதமும் குறைந்தது. அடுத்த ரவுண்டில் பத்துக்கு ஏழு. மில்லி செகண்டை எண்ணிச் சொல்லத் தெரியாவிட்டாலும் அம்மாவின் விரலுக்கு அது தெரிந்திருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்குக் குறி தறிகெட்டு ஓடியது. அரை மணி நேரம் தேடினோம். டிவிக்குப் பக்கத்து அலமாரிதான் எங்கள் பூஜையறை. அம்மா விளக்கேற்றியிருந்தாள். மெழுகுவத்தி போலவே தீபச் சுடரிலிருந்தும் அகச்சிவப்பு வரும். அதையும் ஒரு புள்ளியாக எடுத்துக்கொண்டு கேமரா குழம்பிப் போயிருக்கிறது.

"பாட்டி, ஆடறப்போ மட்டும் விளக்கை அணைச்சுடலாமா?"

அம்மா பதில் சொல்லவில்லை, பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை டிவியை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். ப்ளக் பாயின்ட் இழுக்க எலெக்ட்ரீஷியன் வேறு.

இப்போது தினமும் மூன்று மணிக்கு ஜன்னல் திரைச்சீலையை அம்மாவே இழுத்து விடுகிறாள், மேற்கு வெயிலும் கேமராவைக் குழப்பும் என்பதால். சீரியல் ஓடினால் 'அதை நிறுத்துடா' என்கிறாள். 'டக் ஹன்ட்'டில் இன்னொரு கன்ட்ரோலரை வைத்து வாத்தை இஷ்டத்துக்குப் பறக்க வைக்கலாம். எங்கள் காலத்தில் இது எங்களுக்குத் தெரியாது. காலேஜ் இல்லாத நாளில் பையன்தான் வாத்து. மூலைக்கு மூலை வெட்டி வெட்டிப் பறப்பான். அம்மா துரத்துவதில்லை. ஒரே இடத்தில் குறி வைத்துக் காத்திருப்பாள். "இங்கதான வரணும், வா" என்பாள். வருவான். 'டக்.'

தம்பியிடம் போனில் சொன்னேன். பொங்கலுக்கு வரும்போது தான்தான் வாத்து என்று இப்போதே பிடிவாதம் பிடிக்கிறான். அம்மாவிடம் சொன்னதற்கு, "பேரனுக்கு அப்புறம் க்யூல நிக்கச் சொல்லு" என்றாள்.