தலைமைப் பொறுப்பேற்கும் தோழிகளுக்கு

பதவி உயர்வு கிடைத்த தோழிகள் ‘என்ன படிக்கலாம்?’ என்று கேட்பதுண்டு. பலரும் ஷெரில் சாண்ட்பெர்க்கின் ‘லீன் இன்’ நூலைச் சொல்வார்கள். நல்ல நூல்தான். ஆனால், நான் முதலில் சொல்வது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் வெளியிட்ட ‘மை எக்ஸ்பீரியன்ஸ் அஸ் எ லெஜிஸ்லேட்டர்’.

பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் அவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். 1927இல் சென்னை சட்டசபைக்குள் நுழைந்து, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். பெண்களைத் தேவதாசிகளாகக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் போராடியபோது, சாஸ்திரத்தையும் கலையையும் காட்டி எதிர்த்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். அவர் சளைக்கவில்லை. கோயில் சேவைக்கான மானிய நிலங்களை அந்தப் பெண்களுக்கே உரிமையாக்கும் சட்டத் திருத்தம் 1929இல் நிறைவேறியது. பிழைப்புக்கு வழி இல்லாமல் விடுதலை இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த இடத்தில்தான் அவரை நான் மிகவும் மதிக்கிறேன். முழுமையான தடைச் சட்டம் 1947இல்தான் வந்தது. அதற்குள் பதவியை உதறி, ஆதரவற்ற பெண்களுக்கான அவ்வை இல்லத்தைத் தொடங்கி, வேறு வேலைகளில் இறங்கிவிட்டிருந்தார்.

அடுத்ததாக, இந்திரா நூயியின் ‘மை லைஃப் இன் ஃபுல்’. பெப்சிகோவை 12 ஆண்டுகள் வழிநடத்தியவர், குழந்தைப் பராமரிப்பும் சம்பளத்துடன் கூடிய விடுப்பும் பெண்ணின் தனிப்பட்ட கவலை அல்ல, நிறுவனமும் அரசும் ஏற்க வேண்டிய பொறுப்பு என்று வாதிடுகிறார். மேலாளர்களாக இருக்கும் ஆண்களும் படிக்க வேண்டியது இது.

முத்துலட்சுமியின் நூலை உங்கள் ஊர் நூலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால், வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.